இரண்டாம் பக்கம்: இல்லை

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனத் தம்பிக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

நீயும் உன் வீட்டாரும் எல்லா வகையிலும் ஏறுமுகமாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இறங்குவதை எல்லாம் நீ பழுது பார்க்கும் லிஃப்டுகள் பார்த்துக்கொள்ளட்டும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் படிக்கிறார்களா, அல்லது போன முறை சொன்னது மாதிரி படிப்பது போல் உட்கார்ந்திருக்கிறார்களா? இங்கே நான் நலம். கடிதத்தில் அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்காகத் தட்டச்சு மெஷினைத் தூசி தட்டி இவ்வளவு நீளத்துக்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம், யோசித்துப் பார். சாப்பிட்டாச்சா என்கிறாய், ஆச்சு என்கிறேன். மழை உண்டா என்கிறேன், தூறல் என்கிறாய். எட்டு மாதமாக நாம் இருவரும் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு உன்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும். நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருஷம் தட்டச்சு அடித்தவனுக்கு, வழக்கின் வரலாற்றைச் சொல்லாமல் வேண்டுகோளுக்கு வரத் தெரியாது. தாள் தவறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "மேலும் உண்டு" என்று அடித்திருக்கிறேன். காரணம் போகப் போகப் புரியும்.

உன் அப்பா விட்டுப்போன பத்து ஏக்கரில் உனக்கு ஐந்து, உன் அக்காவுக்கு ஐந்து. முள்ளும் கல்லும் விளைகிற பூமி என்பது உனக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து உன் அக்காவுக்கு அங்கே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஆசை. பிள்ளைகுட்டி இல்லாத நமக்கு எதற்குப் பெரிய வீடு, இரண்டு அறை போதும் என்பாள். நானும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டாவது கட்டியிருப்பாள். "ரிட்டயர் ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷத்தை ஓட்டினேன். ரிட்டயரும் ஆனேன். முதல் மாதம் தூங்கினேன். இரண்டாம் மாதம் அவள் சமையல்கட்டு டப்பாக்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு அடித்து ஒட்டினேன். "உப்புன்னு எழுதி ஒட்டினாதான் எனக்கு உப்புன்னு தெரியுமா?" என்று கேட்டாள். மூன்றாம் மாதம் செய்தித்தாளில், தரிசு நிலத்தில் சோலார் பேனல் நட்டு மின்சாரம் எடுக்கலாம் என்று படித்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை அன்றைக்கு ஆரம்பித்தது.

எதற்கு என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. மின்சாரத்தின் மேல் எனக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. வாழ்நாள் முழுக்க ஊரார் வழக்கைத் தட்டச்சு அடித்தவனுக்கு, தன் வீட்டுப் பேரில் ஒரு கோப்பு வேண்டும், அதற்கு ஓர் எண் வேண்டும், அது மேசைவிட்டு மேசை நகர்வதைப் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். உன் அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள், "அங்க நாம குடியிருக்கலாம்னு நான் இருபது வருஷமா கேக்கறேன். நீங்க சூரியனைக் குடிவைக்கறேங்கறீங்க. அவருக்கு ஏற்கெனவே இடம் இருக்குங்க." சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். நிலம் அவள் பேரில் இருந்ததால் விண்ணப்பதாரர் அவள்தான்.

நகரமைப்பு அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. உன்னை நினைத்துக்கொண்டே படியேறுவேன். அங்கே ஓர் எழுத்தர். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை முழுக்கக் கண்ணாடியைத் தேடுவார். நானும் உன் அக்காவும் அவருக்கு நெற்றிக்கண் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் கொடுத்த படிவத்தில் முதல் கேள்வி: பண்ணையில் உள்ள உயிரினங்களின் எண்ணிக்கை. இரண்டாவது: தடுப்பூசி போடப்பட்ட நாள். மூன்றாவது: துர்நாற்றம் அண்டை வீடுகளுக்குப் பரவாமல் இருக்க எடுத்த நடவடிக்கை.

"சார், இது ஆடு மாடு இல்ல. சூரியப் பண்ணை" என்றேன்.

"பண்ணைன்னா பண்ணைதானே சார்? கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு பண்ணைதான் இருக்கு. கோழி, ஆடு, பன்னி, இதர. நீங்க இதரல வாங்க."

"எண்ணிக்கைன்னு கேக்குதே?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது சார்."

ஆகவே, தம்பி, அரசுப் பதிவேட்டில் உன் அக்காவின் பண்ணையில் இருப்பது: இதர (சூரியன்), எண்ணிக்கை 1. தடுப்பூசி: தேவைப்படவில்லை. "இரவில் அடைத்து வைக்கும் இடம்" என்ற கட்டத்தில் ரொம்ப நேரம் யோசித்து "மேற்கு" என்று எழுதினேன். நெற்றிக்கண் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். அந்த இருமலை நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது வரைபடம். அதில் வீடு கட்டும் இடம் மஞ்சள், பயிர் செய்யும் இடம் பச்சை, தொழிற்சாலை ஊதா. நம் நிலம் மஞ்சள். சூரியனும் மஞ்சள்தானே என்று நான் சொன்ன நகைச்சுவைக்கு அந்த அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. மஞ்சளை ஊதாவாக்க ஒரு மனு. எல்லையிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளித்தான் பேனல் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரைபடம். வழிப்போக்கர் கண்ணில் பேனல் படாமலிருக்க நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடிவேலி வைப்பேன் என்று ஓர் உறுதிமொழி. பேனல் பொருத்துகிறவரோ, நிழல் விழுந்தால் மின்சாரம் வராது, செடி முழங்காலுக்கு மேல் போகக்கூடாது என்றார். இதைப் போய் நெற்றிக்கண்ணிடம் கேட்டேன். "செடி வைங்கன்னுதான் சார் விதி சொல்லுது. வளரச் சொல்லலையே" என்றார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று நான் இப்படி அலைந்த மாதங்களில்தான் உன் அக்கா படியேறும்போது நடுவில் நிற்க ஆரம்பித்தாள். கேட்டால், "உங்க கோப்பு மாதிரிதான். ஒவ்வொரு மாடியிலயும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்" என்பாள்.

பிறகு அண்டை நிலத்துக்காரர்களின் சம்மதக் கடிதம். ஆறு பேர். செங்கல் சூளைக்காரர், பால்காரம்மா, தையல்காரம்மா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அண்ணன் சொன்னதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத அவருடைய தம்பி, ஆறாவது நீ. ஆறு கடிதத்தையும் நானே அடித்தேன். உனக்கு அனுப்பியபோது நீ படிக்காமலே கையெழுத்துப் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். படித்திருந்தால் நீ இன்னும் படித்துக்கொண்டிருப்பாய். நீதிமன்ற வழக்கப்படி இடப்பக்கம் பெரிய ஓரம், இரட்டை இடைவெளி, கையெழுத்துக்கு முதல் பக்கத்தின் அடியிலேயே இடம். "கீழே கையொப்பமிட்டுள்ள நான், சுயநினைவுடனும், முழு மனதுடனும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கி, நான்கு எல்லையையும் சொல்லி, பேனலின் நீள அகலத்தைச் சொல்லி, "மேற்படி விண்ணப்பதாரர் மேற்படி நிலத்தில் மேற்படி பண்ணை அமைப்பதில் எனக்கு ஆட்சேபணை" என்ற இடத்தில் முதல் பக்கம் முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தின் உச்சியில் "இல்லை." என்ற ஒரு வார்த்தை.

உன் அக்கா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். "ஒத்த வார்த்தைக்கு ஒரு தாளா? எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரே வரியில எழுதினா கை வலிக்குமா? தனியா நிக்குது பாருங்க, பாவம்" என்றாள். சட்ட நடை என்று ஒன்று இருக்கிறது, உனக்கு அது புரியாது என்றேன். என் தொழிலில் நான் சொன்ன எத்தனையோ முட்டாள்தனத்தில் அதுதான் முதலிடம்.

அந்த அலுவலகத்தில் கோப்பை வாங்கிக்கொள்வது மாதத்தில் ஒரே நாள். காலையில் போய் டோக்கன் எடுத்து உட்கார வேண்டும். அந்த நாள் வந்தபோது உன் அக்கா மூச்சுத்திணறலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நீ லீவு போட்டுவிட்டு வந்து என்னோடு மாறி மாறி உட்கார்ந்தாய். அதை நான் மறக்க மாட்டேன். இந்த மாதம் போகாவிட்டால் என்ன, அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று நீ சொன்னாய். அவள்தான், "போய்ட்டு வரட்டும் விடு. இங்க உக்காந்தா என் டிரிப்ஸ் சொட்டை எண்ணிக்கிட்டு இருப்பார். நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றாள். அவளே சொல்லிவிட்டாள் என்று நானும் கிளம்பினேன். கிளம்பும்போது அவள் போர்வையைச் சரிசெய்தேனா இல்லையா என்று நினைவில்லை. கோப்பின் கயிற்றைச் சரிசெய்தது நினைவிருக்கிறது.

என் டோக்கன் நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தபோது நீ போன் பண்ணினாய். உன் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "அத்தான், அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்றாங்க. சொல்றேன், கேளுங்க. 'அவர் மேல எனக்கு வருத்தம்'" என்றாய். அதோடு கட்டாகிவிட்டது. அந்தக் கட்டடத்தை நீ பார்த்ததில்லை. பழைய காலத்துச் சுவர், இரண்டு அடி கனம், உள்ளே சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். கோப்பைக் கொடுத்து, ரசீது வாங்கி, ஆட்டோ பிடித்து நான் வந்து சேர்ந்தபோது நீ வார்டு வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாய். திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதற்கப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேட்கிற நிலையில் இல்லை. நான்காம் நாள் நீ ஊருக்குப் போனாய்.

அவளே போய்விட்ட பிறகு இந்தப் பண்ணை எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நீ மட்டும் கேட்கவில்லை. உனக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அவளை விட்டுவிட்டு நான் அந்தக் கோப்பைத்தான் கொடுக்கப் போனேன். கோப்பையும் விட்டுவிட்டால், ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காக அவளை விட்டுப் போனேன் என்று ஆகிவிடும். அதனால்தான் தம்பி, மறுபடியும் படியேறினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மேற்படி விண்ணப்பத்துக்கு அண்டை நிலத்தார் அறுவரும் முழு மனதுடன் ஆட்சேபணை தெரிவித்துள்ளதால், பொது விசாரணை நடைபெறும். ஆறு பேர் வீட்டுக்கும் ஓட முடியாவிட்டாலும் ஐந்து பேர் வீட்டுக்கு ஓடினேன். நாங்க எங்கப்பா ஆட்சேபிச்சோம் என்று ஐவரும் என்னையே கேட்டார்கள். உனக்கும் ஓர் அழைப்பு வந்திருக்கும். கிழித்துப் போட்டிருப்பாய், நல்லது.

விசாரணை நாளன்று நீளமான ஓர் அறை. ஒரு மின்விசிறி, அதுவும் அதிகாரிக்கு மேலே. அதிகாரி ஓர் அம்மையார், பேனாவைத் திறந்தால் மூடாமல் பேசுகிறவர். நெற்றிக்கண் எழுந்து நின்று பட்டியலைப் பார்த்து உன் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். "விண்ணப்பதாரர் வந்திருக்காங்களா?"

நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். ஆறு தாளில் அலட்சியமாக அடித்த வார்த்தையைச் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"இல்லை."

"வரலைன்னா தள்ளி வைக்கணும் மேடம்" என்றார் நெற்றிக்கண்.

"வரமாட்டாங்க சார். இறந்துட்டாங்க" என்றேன். அந்த அம்மையார் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க உக்காருங்க. வாரிசா நீங்களே நடத்தலாம், சான்றிதழ் அப்புறம் குடுங்க" என்றார். அரசாங்கத்தில் ஒருவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஆட்சேபணை விசாரணை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்தக் கூத்து. பால்காரம்மாவிடம் கடிதத்தைக் காட்டினார்கள். "ஆட்சேபணைன்னு எழுதியிருக்கா? கையெழுத்து என்னுதுதான். அப்ப இருக்கும்போல" என்று யோசித்தவர், அத்தனை பேனலும் வெயிலை உறிஞ்சிவிட்டால் தன் வீட்டுத் துணி எப்படிக் காயும் என்று கேட்டார். உடனே சூளைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "துணியை விடும்மா. எனக்குச் சூளைல வைக்கற பச்சைக்கல்லு காயணும். அவர் அஞ்சு ஏக்கர் வெயிலை எடுத்துட்டா மிச்சம் எவ்வளவு வரும்னு அளந்து சொல்லட்டும்!" பஸ் டிரைவர், பேனல் வெளிச்சத்தில் ரோட்டில் போகிறவர்களுக்குக் கண் கூசும் என்றார். அந்தப் பக்கம் ரோடே இல்லையே என்றார் அதிகாரி. "வந்தா?" என்றார் டிரைவர். "வந்தா?" என்றார் அவருடைய தம்பி. தையல்காரம்மா மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அந்தக்கா என்கிட்டதான் ஜாக்கெட் தைக்கக் குடுப்பாங்க. ஒண்ணு இன்னும் என்கிட்டயே இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். சுயநினைவு, முழு மனது, நான்கு எல்லை எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் படித்து, "எனக்கு ஆட்சேபணை" என்று நின்றார். "வாக்கியம் முடியலையே. ரெண்டாம் பக்கம் எங்கே?"

"இல்லை மேடம்" என்றார் நெற்றிக்கண்.

"ஏன் இல்ல?"

"'இல்லை'ன்னுதான் மேடம் இருக்கு."

"இருக்கா, இல்லையா?"

"'இல்லை'ங்கறது இருக்கு மேடம்."

கடைசியில் கோப்பின் அடியிலிருந்து அந்த ஆறு தாளையும் எடுத்துக் கொடுத்தார். தாள் முழுக்க வெள்ளை, உச்சியில் ஒற்றை "இல்லை." இரண்டாம் பக்கத்தில் எழுத எதுவும் இல்லை என்று நான் அறிவித்திருப்பதாக எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பதிவேட்டில் ஆறு முறை "இரண்டாம் பக்கம்: இல்லை" என்று குறித்திருக்கிறார். அவர்மேல் தப்பே சொல்ல முடியாது. அறை முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரித்தார். டிரைவரின் தம்பிகூட அண்ணன் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் இதை உன் அக்காவிடம் இப்படித் தொடங்கி இப்படி முடிக்க வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டே சிரித்தேன். பாதியில்தான் நினைவு வந்தது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, தம்பி. ஆட்சேபணை நீங்கிய ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து டிரைவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு அதிகாரி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, "ஒண்ணு கேக்கலாமா? இது மஞ்சள் நிலம். மஞ்சளை ஊதாவாக்கத்தான் சார் இத்தனை பாடு. ரெண்டு ரூம் வீடு கட்டறதா இருந்தா அனுமதியே தேவையில்லையே. ஒரு தகவல் குடுத்துட்டு மறுநாளே ஆரம்பிக்கலாம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

சொன்னார்கள் மேடம், இருபது வருஷமாகச் சொன்னார்கள் என்று பதில் சொல்ல நினைத்தேன். வெறுமனே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வரும்போது நெற்றிக்கண்ணிடம் கேட்டு அந்த ஆறு தாளில் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அது உன் பேரில் இருந்த கடிதத்தின் இரண்டாம் பக்கம். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அனுமதி வந்துவிட்டது. என் பேரில், பதினொரு நிபந்தனைகளோடு, ஊதா முத்திரை குத்தி. அதை உன் அக்கா படத்துக்குக் கீழே வைத்தேன், பிறகு ஏதோ குத்திக்காட்டுவது மாதிரி இருந்ததால் எடுத்து அலமாரியில் வைத்தேன். ஆறு மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதியாகிவிடும். பேனல்காரர் தினமும் போன் பண்ணுகிறார். நான் அவருக்கும் வானிலை அறிக்கை வாசிக்கிறேன்.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். "அவர் மேல எனக்கு வருத்தம்" என்பது முதல் பக்கம். இரண்டாம் பக்கம் உன்னிடம் இருக்கிறது. நம் மொழியில் இது ஒரு தொல்லை, தம்பி. முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு, உண்டா இல்லையா என்பதைக் கடைசி வார்த்தையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்று விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. வருத்தம் இல்லை என்றாளா? இருக்கிறது என்றாளா? வருத்தம்தான், ஆனாலும் பரவாயில்லை என்றாளா? எட்டு மாதமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். எல்லாமே அவள் குரலில் பொருந்துகின்றன. நீ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை பார்க்கிறாய். உன் அத்தான் ஒரு வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

உனக்குச் சிரமம் வேண்டாம் என்று முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய கார்டு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். அதில் இப்படி அடித்திருக்கிறேன்: "அவர் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது / இல்லை. (தேவையற்றதை அடித்துவிடவும்.)" ஒரு கோடு போட்டு அனுப்பினால் போதும். "இல்லை" என்றால், அவள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம்தானே என்று பேனலை நட்டுவிடுகிறேன். "இருக்கிறது" என்றால் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு அறையும் கிழக்குப் பார்த்த ஜன்னலும் கட்டுகிறேன். அவள் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருப்பதுதான் எனக்கான தண்டனை என்றால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நல்லதாக இருக்கட்டும் என்று மாற்றி அடித்துவிடாதே. உண்மையைத்தான் கேட்கிறேன்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எழுதும் எந்த வாக்கியமும் நடுவில் நிற்காமல் முடியட்டும். உன் முதுகுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு, மறக்காதே.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் விரும்பும்
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே சிக்னலைப் பற்றி எழுதியது பொய். சுவர் இரண்டு அடி கனம் என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு உன் குரல் பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி கேட்டது. நாற்பதாம் எண்காரர் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டிருந்தார். நீ "வருத்தம்" என்று சொன்ன நேரம் நெற்றிக்கண் "நாப்பத்தொண்ணு" என்று கூப்பிட்டார். போனை வைத்தது நான். இந்த ஒன்றை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ மறுபடி இரண்டு முறை கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதனால் கார்டில் நான் கேட்டிருப்பது சரியான கேள்வி அல்ல. நீ பேசும்போது போனை அவள் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தாயா? நான் கட் பண்ணிய சத்தம் அவள் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால், அதற்கு முன் அவள் என்ன சொல்லியிருந்தாலும் கணக்கில் வராது. அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிடு. விழவே இல்லை என்றால் மட்டும் அனுப்பு.